அந்தத் தாய் ஏன் பொலிஸில் போய்க் குந்தியிருக்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில், வீட்டில் இருந்து பார்க்கத்தக்க பழைய ஆங்கிலப் படங்கள் என்று சிலவற்றைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் ஒரே வகைப் படம். பிள்ளையை யாரோ கடத்திக்கொண்டு போவார்கள், தாயோ தகப்பனோ துரத்திப் போய் அடித்து நொறுக்கி மீட்டு வருவார்கள். அதில் ‘டேக்கன்’ படத்துக்கு நாலு நட்சத்திரம், ‘கிட்நாப்’ படத்துக்கு ஒன்றரை. நட்சத்திரம் போடுவது அவருடைய உரிமை. ஆனால் அந்த ஒன்றரைக்கு அவர் சொன்ன காரணத்தை வாசித்த பிறகு எனக்குத் தையலில் மனம் போகவில்லை. பாதி தைத்த சட்டை மெஷினிலேயே கிடக்கிறது.

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருந்து தைக்கிறவள். வயது 64. பள்ளிக்கூடச் சட்டை, கவுன், சீலைச் சட்டை எல்லாம் தைப்பேன். பத்திரிகைக்கு இதற்கு முதல் ஒரேயொரு தடவை எழுதியிருக்கிறேன். அது எங்கள் ஒழுங்கைத் தண்ணீர்க் குழாய் பற்றியது, நீங்கள் போடவில்லை. இதையாவது போடுங்கள்.

விமர்சகர் எழுதியதன் சாரம் இது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற ஒரு சாதாரணப் பெண், மகனைக் கடத்தியவர்களை வேனில் துரத்துகிறாள். பொலிஸுக்குப் போகவில்லை, பொலிஸ் வரும்வரை பொறுக்கவும் இல்லை. வழிநெடுகத் தனக்குத் தானே பேசிக்கொண்டு போகிறாள். தேவையான நேரத்தில் போன் கையில் இல்லை. ஆகவே லாஜிக் இல்லை. நிதானமாக யோசிக்கிற எந்தத் தாயும் இப்படிச் செய்யமாட்டாளாம். ‘டேக்கன்’ தகப்பன் அப்படியில்லை, அவர் பயிற்சி எடுத்த ஆள், அதனால் நம்பமுடிகிறதாம்.

நிதானமாக யோசிக்கிற தாய் என்றால் யார் என்று தெரியவில்லை. பிள்ளை பறிபோகாத தாயாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டு படத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மகளின் மகன் ஆறாம் வகுப்பு, இந்த மாதிரிப் படமென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. அவன் பக்கத்தில் இருந்து கதை சொல்லுவான். சொல்லுவான் என்றால், நாலு வசனத்துக்கு ஒரு வசனம். ‘கிட்நாப்’ 2017 இல் வந்த படம். நடித்தவர் ஹாலி பெரி. 2002 இல் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் வாங்கியவர், அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பூங்காவில் மகனோடு நிற்கிறாள். பிள்ளை யாரோடு இருப்பது என்று புருசனோடு வழக்கு, அந்த விசயமாக லோயரோடு போனில் கதைக்கிறாள். திரும்பிப் பார்த்தால் மகன் இல்லை. தேடி ஓடுகிறாள். தூரத்தில் ஒருத்தி பிள்ளையைக் காருக்குள் இழுத்துப் போடுகிறாள். காரைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் போன் விழுந்துவிடுகிறது. எடுக்கத் திரும்பவில்லை. தன்னுடைய சிவப்பு வேனில் ஏறி விரட்டத் தொடங்குகிறாள். அங்கே தொடங்கினால் படம் முழுக்க ரோட்டுத்தான்.

இடையில் வேனில் பெற்றோல் முடிகிற கட்டம் வரும். நான் கதிரையின் நுனியில் இருக்கிறேன், பேரன் சிரிக்கிறான். “அம்மம்மா, அவவுக்குக் கியூஆர் இல்ல.” 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் அவனுடைய அப்பாவின் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவனுக்கு அது பகிடி. எனக்கும் சிரிப்பு வந்தது. விமர்சகருக்கு அந்தக் கட்டம் ‘வலிந்து புகுத்தப்பட்ட தடை’. ஐயா, தடையெல்லாம் அப்படித்தான் வரும். சைக்கிள் செயின் கழறுவதுகூட அப்படித்தான்.

செயின் கதைக்கு வருகிறேன்.

2003 ஆம் ஆண்டு, புரட்டாசி மாதம். 2002 மாசியில் போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது, சமாதான காலம் என்று பெயர். வெளிநாட்டுக்காரர் வெள்ளை ஜீப்பில் ஓடித்திரிந்த காலம். அந்தச் சமாதான காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் சண்டைக்கு ஆள் சேர்க்கிற பிள்ளை பிடி கூடியது. பிள்ளைபிடிகாரன் வருவான் என்று சொல்லிச் சோறு தீத்திய சனம் நாங்கள். அது நெசமாகவே வந்தது, பின்னேரங்களில், ரியூசன் விடுகிற நேரம் பார்த்து. எந்தத் தரப்பு என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் மாவட்டத்தில் பிள்ளை பிடித்தது ஒரு தரப்பு மட்டுமில்லை. ஒன்றை எழுதினால் மற்றது சந்தோசப்படும்.

என் புருசன் அப்போது கட்டாரில். வீட்டில் நான், 15 வயது மகன், 12 வயது மகள். மகன் அந்த வருசம் சாதாரண தரம் எடுக்க இருந்தான். பின்னேரம் ஐந்தரை இருக்கும், ரியூசனுக்குப் போன பெடியன் ஒருத்தன் மூச்சு வாங்க ஓடிவந்து படலையில் நின்று சொன்னான். “மாமி, அண்ணனப் பிக்கப்புல ஏத்திற்றாங்க.” அவ்வளவுதான் சொன்னான். மகளை அடுத்த வீட்டுக்குள் தள்ளிவிட்டு ஓடினேன். அவன் காட்டிய இடத்தில் எங்களுடைய லுமாலா சைக்கிள் மதிலோரமாக நிற்கிறது. விழுந்து கிடக்கவில்லை. ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, நேராக நிற்கிறது. கரியரில் கணிதக் கொப்பி. நான் நினைத்தேன், இது கடத்தல் இல்லை, பெடியன் பிழையாகப் பார்த்திருக்கிறான் என்று. ஸ்டாண்ட் போட்டுவிட்டு யார் கடத்தப்படுவார்கள்? விமர்சகர் பார்த்திருந்தால் லாஜிக் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்.

பிறகு மகன் சொன்னான். ஏறு என்று சொன்னபோது அவன் கேட்டானாம், அண்ணே, அப்பாட சைக்கிள், வச்சிட்டு வாறன் என்று. அவர்களும் விட்டார்களாம். பூட்டி, திறப்பைச் சில்லுக்கு அடியில் போட்டிருக்கிறான்.

திறப்பை எடுத்து அந்தச் சைக்கிளிலேயே ஏறினேன். பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள், நான் போட்டிருந்தது வீட்டுச் சட்டை. ஊர்ச் சனம் பார்த்தது, பார்க்கட்டும். எருவில் பக்கத்தால் போனால் குருமண்வெளித் துறை. எங்கள் பக்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும்: துறையில் பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவிக்கு அக்கரை கொண்டுபோகிற மிதவை. மண்முனைக்குப் பாலம் வந்ததே 2014 இல்தான். அந்த நாளில் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் போக, அக்கரையான படுவான்கரைக்குப் போக, பாதைதான். பிக்கப் எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போன் இருந்ததா என்று கேட்காதீர்கள், சந்தியில் கொமினிக்கேசன் கடைதான் இருந்தது. அங்கே போய் யாருக்கு எடுக்கிறது?

பாதி வழியில் செயின் கழன்றது. கை முழுக்கக் கிறீஸ். போட்டேன், ஓடினேன், திரும்பவும் கழன்றது. அந்த நேரம் நான் கதைத்த கதையை இப்போது எழுத வெட்கம். செயினோடு கதைத்தேன், மண்டூர் முருகனோடு கதைத்தேன், மகனை ஏசினேன், ரியூசனுக்குப் போகச் சொன்ன என்னையே தூசணத்தால் ஏசினேன். அந்த நடிகை வேனுக்குள் தனியாகப் பேசிக்கொண்டு போகிற கட்டங்களைத்தான் விமர்சகர் ‘மிகை நடிப்பு’ என்கிறார். எனக்கு அந்தப் படத்திலேயே நெசமாகத் தெரிந்தது அதுதான். பேரன் மொழிபெயர்க்கவில்லை, எனக்குத் தேவையும் படவில்லை.

துறைக்கு வந்தால் பாதை போய்விட்டது. கரையில் இருந்து ஒரு இருநூறு முழம் இருக்கும். பிக்கப்பின் பின்பக்கம் தெரிகிறது, தறப்பாள் மூடியிருக்கிறது. கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம். துறையில் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. அங்கே நின்றவர்களிடம் ஓடினேன். ஒருவர் அரைகுறைத் தமிழில் சொன்னார், “அம்மா, இப்ப சமாதானம், எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாது.” ஆள் கெட்டவர் இல்லை, தண்ணீர் தந்தார். நான் பொலிஸுக்குக் காத்திருந்தேனா இல்லையா என்று விமர்சகர் கேட்டால் இதுதான் மறுமொழி.

பாதை அக்கரை போய், இறக்கி, ஏற்றி, திரும்பி வர அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆகும். நான் அந்த அரை மணித்தியாலமும் கரையில் நின்றேன். இதை எந்தப் படமும் காட்டாது, காட்டினால் சனம் எழும்பிப் போய்விடும். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. நின்ற பிறகுதான் கால் நடுங்கத் தொடங்கியது. தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கி முங்கி எழும்பியது. அது எத்தனை தடவை முங்கியது என்று எண்ணினேன். முப்பத்தொன்று.

மண்டூரில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர இருட்டிவிட்டது. முகாமின் கேற்றில் ஒரு பெடியன் நின்றான். நாளைக்கு வாங்க என்றான். பிறகு என் கழுத்தைப் பார்த்து, “அது என்ன?” என்றான். தடவிப் பார்த்தால் இஞ்சுரேப், அளவெடுக்கிற நாடா. மெஷினில் இருந்து எழும்பியபோது கழுத்தில் கிடந்தது, அப்படியே வாவி கடந்து வந்திருக்கிறது.

அடுத்த நாள் கேற்றடியில் நான் மட்டும் இல்லை. பதினேழு தாய்மார், இரண்டு தகப்பன்மார். மேசன் வேலைக்காரர் ஒருவர், மீன் விற்கிற ஒருத்தி, ஓலை பின்னுகிறவர்கள், மூன்று பேர் என்னைப் போலப் புருசன் வெளிநாட்டில். ‘டேக்கன்’ தகப்பன் மாதிரி முன்னாள் சிஐஏ ஒருவரும் இல்லை. அந்தப் படத்தில் லியம் நீசன் போனில் மிரட்டுகிற வசனத்தை என் பேரன் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகுவான், நன்றாகத்தான் இருக்கும். 96 மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு பாரிஸையே புரட்டிப் போடுகிறார். நாங்கள் 96 மணித்தியாலமும் ஒரு புளியமரத்துக்குக் கீழே இருந்தோம். ஆளாளுக்குக் கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து தின்றோம். ஒரு மனுசி எனக்கு வெற்றிலை தருவா, பாதியாகக் கிழித்து. எனக்கு அதுவரை வெற்றிலைப் பழக்கம் இல்லை.

ஐந்தாம் நாள் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்தக் கேற்றுப் பெடியன் சொல்லியிருக்கிறான், இஞ்சுரேப் போட்ட மனுசி என்று. பொறுப்பான ஒருவர் இருந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். “தைப்பீங்களா அக்கா?” என்றார். தைப்பேன் என்றேன். மகனைப் பற்றிக் கேட்டேன். “முதல் தையுங்க, பாப்பம்” என்றார்.

கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் மிதிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. பச்சைத் துணி உருளையாகக் கிடந்தது. அளவு எல்லாம் ஒரு அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதித் தந்தார்கள். பெயர் இல்லை, வரிசை இலக்கமும் அளவும்தான். நெஞ்சு, நீளம், கை. மொத்தம் 42.

தைக்கிறவளுக்கு அளவு என்றால் ஆள் மாதிரி. பள்ளிக்கூடச் சட்டை தைத்துத் தைத்து எனக்கு அளவைக் கண்டால் வகுப்புத் தெரியும். நெஞ்சு 28 என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசு. அந்தத் தாளில் 28 இருந்தது. 27 இருந்தது. ஒரு 26 இருந்தது. அந்த 26 ஐ நான் மூன்று தடவை போய்க் கேட்டேன், பிழையாக எழுதப்பட்டிருக்கா என்று. இல்லை, சரி என்றார்கள். கொஞ்சம் விட்டுத் தையுங்கள், வளருவான் என்றார்கள்.

என் மகனுக்கு நெஞ்சு 30, ஆனால் கை நீளம், தகப்பனைப் போல. அந்தத் தாளில் 30 நாலு பேர். அதில் கை எது நீளம் என்று பார்த்தால் இரண்டு பேருக்கு ஒரே அளவு. அவனுடைய பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பெருக்கல் போட்டுவிடுவேன், வகுப்பில் மாறிப்போகாமல். அந்த இரண்டு சட்டைக்கும் போட்டேன். சிவப்பு நூல் அங்கே இல்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரியின் பழைய சீலைக் கரையில் இருந்து உருவி எடுத்தேன்.

இப்போது ‘டேக்கன்’ பற்றி ஒரு விசயம். நான் எந்தப் படம் பார்த்தாலும் உடுப்பைத்தான் பார்ப்பேன், தொழில் பழக்கம். அதில் அந்தத் தகப்பன், பெண்பிள்ளைகளை அடைத்து வைத்த இடம் ஒன்றுக்குள் போகிறார். போதை மருந்து ஏற்றிக் கிடக்கிற ஒரு பிள்ளையிடம் தன் மகளின் ஜாக்கெட் இருக்கிறது. அதைக் கண்டதும் அவளைத் தூக்கிக்கொண்டு போய், ஊசி மருந்து ஏற்றித் தெளியவைத்து, இந்த ஜாக்கெட் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார். படத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. துணியைப் பிடித்துப் பிள்ளையைத் தேடுகிறார், எனக்கு விளங்கும். ஆனால் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு அவளுக்கு என்ன ஆனது? அவளுக்கும் ஒரு தகப்பன் இருப்பானே. நான் பேரனைக் கேட்டேன். அவன் சொன்னான், “அவ கதைக்குத் தேவ இல்ல அம்மம்மா.” நாலு நட்சத்திரம் போட்டவரும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

எங்கள் தமிழ்ப் படங்களில் 1994 இல் வந்த ‘மகாநதி’ இதைவிடப் பரவாயில்லை என்று சொல்லுவேன். டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுத்து ஒழுங்கைச் சனம் முழுக்கக் கூடிப் பார்த்த படம். கமல்ஹாசன் கல்கத்தாவில் மகளைக் கண்டுபிடிக்கிற இடத்தில், அவளை வெளியே விடுவிப்பது அவருடைய அடிதடி இல்லை. அங்கே சிக்கிக் கிடக்கிற மற்றப் பெண்கள் தங்கள் காசைக் கொடுத்து விடச் சொல்லுகிறார்கள். அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். அந்த இடம் எனக்கு அப்போது அழுகை மட்டும்தான் தந்தது. பத்து வருசம் கழித்துத்தான் வேறு மாதிரி விளங்கியது.

42 சட்டை தைக்கப் பத்தொன்பது நாள். பகலில் தைப்பேன், பின்னேரம் புளியமரத்தடிக்குப் போய் மற்றவர்களோடு இருப்பேன். உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். சமையலுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று பொய் சொன்னேன். உள்ளே பிள்ளைகளைக் கண்டாயா என்று கேட்டார்கள். காணவில்லை என்றேன், அது உண்மை. ஆனால் அளவு எல்லாம் என்னிடம் இருந்தது. அந்த மீன்காரியின் மகனுக்குப் பன்னிரண்டு வயசு. தாளில் இருந்த 27 அவனாக இருக்கும் என்று நினைத்து, அந்தச் சட்டையின் கக்கத்தில் தையலை இரட்டையாக அடித்தேன். அதைத் தவிர அவனுக்கு என்னால் ஒன்றும் செய்யமுடியவில்லை. அவவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

கடைசிச் சட்டை கொடுத்த அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு மகனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். “கூட்டிக்கொண்டு போங்க அக்கா. முன் கேற்றால போகாதீங்க.” அவன் மெலிந்திருந்தான். நான் தைத்த சட்டைதான் போட்டிருந்தான், கழற்றிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள், கழற்றினான். வெறும் மேலோடு, என்னுடைய துவாயைப் போர்த்திக்கொண்டு வயல் வரம்பால் நடந்து துறைக்கு வந்தோம். புளியமரத்துப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அந்த நேரம் தேத்தண்ணி வைப்பார்கள், புகை மட்டும் தெரிந்தது.

பாதையில் ஏறிய பிறகுதான் மகன் வாய் திறந்தான். “அம்மா, காலருக்குள்ள பெருக்கல் கிடந்திச்சி.” நான் ம் என்றேன். “ரெண்டாம் கிழமையே கண்டன். இனிப் பயமில்ல எண்டு நினைச்சன்.” பிறகு கேட்டான், “மற்றப் பெடியனுக்கும் ஒண்டு போட்டிருந்த, அவன் யாரெண்டு தெரியுமா?” தெரியாது என்றேன். அவனும் சொல்லவில்லை.

மகனை ஊரில் வைத்திருக்கவில்லை. அதே கிழமை கொழும்புக்கு, பிறகு வெளிநாட்டுக்கு. சோதனை எழுதவில்லை. இப்போது லண்டனில் லொறி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். அவனுக்கு இந்தப் படங்கள் பிடிக்காது. தொலைபேசியில் பேரன் இந்தப் படக் கதை சொன்னால் வேறு கதைக்குப் போய்விடுவான்.

விமர்சகர் கவனிக்காத ஒரு கட்டத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ‘கிட்நாப்’ படத்தில் அந்தத் தாய் பொலிஸ் நிலையத்துக்கும் போகிறாள். போகவில்லை என்று அவர் எழுதியது பிழை, படத்தைத் திரும்பப் பார்க்கட்டும். உள்ளே ஓடிப்போய் விசயத்தைச் சொல்லுகிறாள். அங்கே சுவரில் காணாமற்போன பிள்ளைகளின் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கிறது. அதைக் கண்டதும் அவளுக்கு விளங்குகிறது, இந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் இதே கதிரையில் இருந்து பொறுத்திருந்தவர்கள்தான் என்று. எழும்பி வெளியே ஓடுகிறாள். லாஜிக் இல்லை என்று அவர் எழுதிய படத்தின் லாஜிக் முழுக்க அந்தச் சுவரில் இருக்கிறது. மட்டக்களப்பில் காந்திப் பூங்காவடியில் படங்களை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசிகளைக் கண்டவர்களுக்கு அந்தச் சுவரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அந்த மனுசிகள் பொறுத்துப் பார்த்தவர்கள். 2010 இல் ஒரு ஆணைக்குழு, 2013 இல் நியமித்த இன்னொரு ஆணைக்குழு, 2016 சட்டத்தால் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், எல்லாவற்றுக்கும் அதே படத்தையும் அதே பிறந்த திகதியையும் கொண்டுபோனவர்கள்.

கடைசியில் அந்தத் தாய் மகனைக் கண்டுபிடிக்கிற இடத்தில் அவனோடு வேறு இரண்டு பெண்பிள்ளைகளும் அடைபட்டிருக்கிறார்கள். முடிவில் அவர்களும் தப்புகிறார்கள். அந்த இடத்தில் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். பேரன் கூப்பிட்டான், “அம்மம்மா, நல்ல சீன், வாங்க.” தேங்காய் திருவ இருக்கு என்றேன். துரத்துகிறது எனக்குத் தெரியும், பொய்யில்லை. பெற்றோல் முடிகிறதும் தெரியும். அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறதுதான் எனக்கு நம்பமுடியாத இடம். விமர்சகர் லாஜிக் இல்லை என்று அதை எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

ஒன்றரை நட்சத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. ‘எந்தத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள்’ என்ற வரியை மட்டும் அவர் திரும்பப் பெறவேண்டும்.

கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரைப் போடவேண்டாம், விலாசத்தைத் தனித் தாளில் உங்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன். புளியமரத்தடியில் எனக்கு வெற்றிலை தந்த மனுசி இப்போது இந்தப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறா. மகன் வரவில்லை. மாதத்தில் ஒரு தடவை ஏதாவது தைக்கக் கொண்டுவருவா. காசு வேண்டாம் என்றால் கோபிப்பா, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவா. மெஷினில் பாதியில் கிடக்கிறதும் அவவின் சட்டைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பத்திரிகையைத் தலைப்பில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவ.

இப்படிக்கு,
தையல்காரி,
களுவாஞ்சிகுடி.